பதினேழாம் தட்டில் இருந்த கூரை ஓடு

பிள்ளைகளே, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களுக்கு மூன்று சாமான் தருவார்கள். ஒரு சோடி நீலக் கையுறை, ஒரு சின்ன டோர்ச், பென்சிலோடு ஒரு தாள். கையுறையை எப்போது மாற்றுவது, டோர்ச்சை எந்தப் பக்கம் சரித்துப் பிடிப்பது என்றெல்லாம் காட்டித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்தத் தாளைப் பற்றி எழுதுகிறேன். முதுகு விட்டுப்போய் வீட்டில் இருக்கிற என்னிடம், "உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ அண்ணை, புதுசா வந்த பிள்ளையளுக்குக் குடுப்பம்" என்று கேட்டது சுகந்தி. உங்களுக்குப் பொறுப்பாக இருக்கிற அதே சுகந்தி அக்காதான். நான் எதை எழுதப் போகிறேன் என்று அவவுக்குச் சொல்லவில்லை.

அந்தத் தாளை நாங்கள் கொன்ஸ்தா என்போம். ஒரு பொருள் பெட்டியை விட்டு வெளியே வரும்போது எந்த நிலையில் இருந்தது என்று எழுதும் தாள். கீறல், வெடிப்பு, பழைய ஒட்டு எல்லாம் அதில் ஏற வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் மூன்று எழுத்துப் போடுவார்கள்: எர், ஆ, எஸ். குறிப்பிட ஒன்றும் இல்லை என்று அர்த்தம். என் வேலைக்காலத்தில் அந்த மூன்று எழுத்தை எத்தனை தரம் எழுதினேனோ தெரியாது. பொய்யாக எழுதியது ஒரே ஒரு தரம்.

நான் ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன். பாரிசுக்கு வந்து பதினொரு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். சவர்க்காரத் தண்ணீரில் விரல் ரேகை தேய்ந்துபோய், விசாக் காட் புதுப்பிக்கப் போன இடத்தில் மெசின் என் விரலை மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் கண்காட்சிச் சாமான் ஏற்றி இறக்கும் இந்தக் கொம்பனியில் பெட்டி தூக்கச் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் 'பிரெஞ்சு எழுதத் தெரியுமா' என்ற இடத்தில் ஓம் என்று புள்ளடி போட்டதும் நான்தான். பேசுவேன், சமையலறைப் பிரெஞ்சு. எழுத்து வராது. வீட்டுக்கு வரும் கடிதங்களை மகள்தான் வாசிப்பாள். ஏழு வயதிலிருந்து அவள்தான் எங்கள் வீட்டு லிகிதர்.

என்னைப் பழக்கிய போர்த்துக்கேயர் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு விதி வைத்திருந்தார். எதையும் தூக்க முன்னம், தூக்கிக்கொண்டு போகப்போகிற வழியை வெறுங்கையோடு ஒருமுறை நடந்துவிட்டு வா. படி எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும், எங்கே தரை ஈரம் என்று கால் முதலில் அறிய வேண்டும். அதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. தாளில்தான் தவறவிட்டேன். கையெழுத்துப் போட முன்னம் அது என்னை எங்கே கொண்டுபோகும் என்று நடந்து பார்க்கவில்லை.

அது 2012 வசந்தகாலம். பாரிசில் எங்கள் சனம் கூடும் லா சப்பலில், ரயில் பாதையை ஒட்டி நின்ற பழைய சரக்குக் கொட்டகை ஒன்றைத் திருத்திக் கண்காட்சி மண்டபம் ஆக்கியிருந்தார்கள். வழக்கமாக எங்களுக்கு வேலை நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும். இந்த ஒருதரம் வேலை எங்கள் தெருவுக்கு வந்தது. காலையில் வீட்டிலிருந்து நடந்தே போவேன். பத்து மணிக்குத் தேத்தண்ணிக் கடையில் றோல்ஸ் எண்ணெயிலிருந்து இறங்கும் வாசம் சாமான் இறக்கும் வாசல் வரை வரும். மத்தியானம் நாங்கள் படியில் வரிசையாக இருந்து பார்சலைப் பிரித்துச் சாப்பிட, வடக்கே போகிற ரயில்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கூசேன்வில் ரயில் எது, செவ்ரான் ரயில் எது என்று சத்தத்திலேயே சொல்லலாம் என்று ஒருவர் பந்தயம் கட்டி, தினமும் தோற்பார். என் வேலைக்காலத்தில் நினைத்துப் பார்க்கச் சுகமான மாதம் அதுதான். நான் பிழை விட்டதும் அந்த மாதத்தில்தான்.

கண்காட்சி, சியன்பெய் என்ற மக்களின் பழைய தலைநகரத்து இடிபாடுகளைப் பற்றியது. சீனாவின் வடக்கே புல்வெளிகளில் குதிரையோடு திரிந்த சனங்கள். ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னம் ஒரு பெரிய அரசை நிறுத்தி, பிங்ச்செங் என்ற தலைநகரத்தைக் கட்டினார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் தாதோங் என்ற ஊர் இருக்கிறது.

இப்படிப்பட்ட சாமான்கள் தனியே பயணம் செய்வதில்லை. கூட ஒருவர் வருவார். வந்தவர் அந்த இடிபாட்டிலேயே மண் கிண்டிய பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கையில் எப்போதும் சுடுதண்ணிப் போத்தல். சுகந்தி அவவுக்குச் 'சுடுதண்ணி அம்மா' என்று பெயர் வைத்துவிட்டா. பிரான்சில் கொஞ்சக் காலம் படித்தவர், ஆனால் அவரும் என்னைப்போலச் சொல்லைத் தேடித்தேடித்தான் பேசுவார். இரண்டு பேரும் மெதுவாகப் பேசியதால் எங்களுக்குள் எல்லாம் விளங்கியது.

சுகந்தி அப்போது எங்கள் கொம்பனிக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வன்னியில் கடைசி யுத்தத்துக்குள்ளால் வந்தவ. செவ்ரானில் அக்கா குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தா. மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது அவவின் வேலை. எஸ்ஸே என்கிற சோதனைக் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. முடிந்து கொந்த்ரா என்கிற வேலை ஒப்பந்தம் உறுதியானால், அடுத்த கிழமை அந்தத் தாளைக் கொண்டுபோய் ப்ரெபெக்துர் கந்தோரில் காட்டித் தன் விசா அலுவலைப் பார்க்கலாம். அவவுக்கு அந்த வேலை என்பது துடைப்பம் இல்லை, இந்த நாட்டில் நிற்பதற்கான தாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகள் வந்தவுடனே திறக்கக்கூடாது. மண்டபத்துக் காற்றுக்குப் பழக ஒருநாள் மூடியபடி இருக்க வேண்டும். அந்த நாளில் எங்களுக்கு வேலை குறைவு. சுடுதண்ணி அம்மா ஒரு பெட்டியின் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, அந்த நகரத்தின் கதையைச் சொன்னா. நான் சுகந்திக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நகரம் தலைநகரமாக இருந்தது நூறு வருடத்துக்கும் குறைவு. பிறகு ஓர் அரசன், தூரத் தெற்கே வேறு ஊருக்குத் தலைநகரத்தை மாற்றினான். சனங்களும் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் பழைய உடுப்பு வேண்டாம், அரசவையில் பழைய பாஷை வேண்டாம் என்று கட்டளை போட்டான். முப்பது வயதைத் தாண்டியவர்கள் மெதுவாக விடலாம். அதற்குக் கீழே உள்ளவர்கள் உடனே விட வேண்டும். இன்றைக்கு அந்தப் பழைய நகரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். இடித்திறுக்கிய மண் மதில் சில இடங்களில் மேடு மேடாக நிற்கிறது, மிச்சம் எல்லாம் வீடுகளுக்கு அடியில் என்றா. அரண்மனைத் தளம் ஒன்று ரயில் நிலையத்துக்குக் கிட்டத்தான் அகப்பட்டதாம். அப்போது ஒரு ரயில் எங்கள் மண்டபத்தை உலுப்பிக்கொண்டு போனது. இதே மாதிரித்தான் என்று சிரித்தா.

"அரண்மனை என்றால் தங்கம் கிடைக்கும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள்," என்றா. "எங்களுக்குக் கிடைப்பது ஓடு. கூரை ஓடு. பிறகும் ஓடு."

சில ஓடுகளின் வட்ட முகத்தில், பத்தாயிரம் ஆண்டு, செல்வம், மேன்மை என்று எழுத்துப் பதித்திருந்தார்களாம். நூறு வருடம் நிற்காத நகரத்துக்கு. சுகந்தி துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னா:

"அண்ணை, இவையள் ஓட்டை ஒவ்வொண்டா எண்ணிப் பஞ்சில சுத்தி விமானத்தில கொண்டுவருகினம். எங்கட வீட்டு ஓட்டை ஆர் எண்ணினது? கேளுங்கோ, அரசன் போகேக்க ஓட்டைக் கழட்டிக்கொண்டு போகேல்லையோ எண்டு. நாங்கள் ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் கழட்டினனாங்கள். ட்ரக்டர் பெட்டியில முதல் ஓடு, அதுக்கு மேல அரிசி, அதுக்கு மேல அம்மம்மா."

நான் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். சுடுதண்ணி அம்மா சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து, அந்தக் கேள்வியைப் பென்சிலால் எழுதினா. நல்ல கேள்வி, எனக்குத் தெரியாது என்றா. பிறகு கொப்பியைத் திருப்பி என்னிடம் காட்டினா. சீன எழுத்தில் ஒரே சொல் பல பக்கங்களில் திரும்பத் திரும்ப இருந்தது. அந்தச் சொல்லுக்கு 'தெளிவில்லை' என்று அர்த்தமாம். கிண்டும்போது விளங்காததை வெற்றிடமாக விட்டால், அடுத்து வருபவன் அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுவான். ஆகவே தெளிவில்லை என்பதையும் எழுத வேண்டும். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

அன்று பின்னேரம் வீட்டில், முப்பது வயதுக் கட்டளையை மகளுக்குச் சொன்னேன். அவளுக்கு அப்போது பதினைந்து. நான் தமிழில் கேட்பதற்குப் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. அன்றைக்கு என்னவோ தமிழில் சொன்னாள்: "அப்பா, உங்களுக்கு முப்பது தாண்டிட்டுது. நீங்கள் மெதுவா விடலாம். எனக்குத்தான் அவசரம்." மனைவி சிரித்தா. நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் பெட்டி திறந்தோம். மண் குதிரைகள், வீரர் சிலைகள் போன்ற பெரிய சாமான்களைச் சுடுதண்ணி அம்மாவும் மண்டபத்துப் பொறுப்பாளர் மேடமும் சேர்ந்து பார்த்தார்கள். லொறி பிந்தி வந்ததால் நேரம் போதவில்லை. சாதாரண ஓடுகளும் செங்கற்களும் இருந்த தட்டுகளை, சீனாவில் பெட்டியில் அடைக்க முன்னம் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொன்ஸ்தா நிரப்பும்படி மேடம் என்னிடம் தந்தா. நான் குழுத் தலைவனாகி மூன்றே மாதம். என்னை நம்பித் தந்த முதல் தாள்கள் அவை. நெஞ்சு நிமிர்ந்துதான் போனேன்.

பதினேழாம் தட்டில் இருந்தது ஒரு தட்டையான கூரை ஓடு. கறுப்பு. முன் விளிம்பை ஈரமாக இருக்கும்போது விரலால் அழுத்தி அழுத்தி அலைபோல ஆக்கியிருந்தார்கள். விரல் குழிகள் வரிசையாக இருந்தன. என்னுடைய விரலை அவற்றுக்கு மேலே, தொடாமல், பிடித்துப் பார்த்தேன். என்னுடையதைவிடச் சின்ன விரல். ஓடு செய்த ஆள் ஆணோ பெண்ணோ, அவருக்குப் பெயர் இல்லை. ஆனால் அழுத்திய இடம் இருக்கிறது. நான் கழுவிய கோப்பைகளில் என்னுடைய விரல் எங்கேயும் இல்லை என்று ஒரு நினைப்பு வந்தது.

டோர்ச்சைச் சரித்துப் பிடித்தபோதுதான் அதைக் கண்டேன். வலது மூலையில், இரண்டாம் குழிக்கும் மூன்றாம் குழிக்கும் நடுவே, தலைமயிர்போல ஒரு கோடு. படத்தில் அந்தக் கோடு இல்லை. வரும் வழியில் உண்டாகியிருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எழுதத் தெரியவில்லை. மேடத்தைக் கூப்பிட்டு விரலால் காட்டியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. காட்டினால், ஏன் நீ எழுதவில்லை என்று கேட்பா. அந்தக் கேள்விதான் எனக்குப் பயம். என் சொந்தக் கொப்பியை எடுத்தேன். அதில் ஓட்டின் மூலையைப் படமாக வரைந்து, கோட்டையும் வரைந்து, பக்கத்தில் தமிழில் எழுதினேன். தாளை வெறுமையாக வைத்தேன். வீட்டில் மகளிடம் சொல்லைக் கேட்டு நாளைக் காலை எழுதலாம் என்று நினைத்தேன். பெற்றோராக இந்த நாட்டுக்கு வந்த எங்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரட்டும், கேட்டுச் செய்யலாம். கரண்ட் பில்லுக்கு அது சரி. ஆயிரத்து ஐந்நூறு வருடத்து ஓட்டுக்குச் சரிவராது.

வேலை முடிகிற நேரம் மேடம் தாள்களை வாங்க வந்தா. கடுமையான ஆள் இல்லை, அவசரத்தில் நின்றா. பதினேழாம் தாள் வெறுமையாக இருப்பதைக் கண்டு கையை நீட்டியபடி நின்றா. நான் மூன்று எழுத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு மாற்றலாம் என்று எனக்கு நானே சொன்னேன்.

வீட்டில் மகளிடம் கேட்டேன், வெடிப்புக்குப் பிரெஞ்சில் என்ன என்று. அவள் படித்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து, எந்த வெடிப்பு, சுவரா, கோப்பையா, தோலா, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல் என்றாள். சரியான கேள்விதான். எனக்கு ஏனோ வெட்கமாகவும் கோபமாகவும் வந்தது. ஒன்றுமில்லை விடு என்றேன். காலையில் தாள்கள் கோப்புக்குள் போய்விட்டன. நானும் விட்டுவிட்டேன்.

ஓடுகளை மேடையில் அடுக்கினோம். கண்ணாடி மூடி கடைசியில்தான் போடுவது. நான்கு நாள் அந்த ஓடு திறந்தபடி இருந்தது. ரயில்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வியாழக்கிழமை காலை சுகந்தி மேடையின் அடியைக் கூட்டும்போது, நகம் அளவு கறுப்புத் துண்டு ஒன்று குப்பை அள்ளும் தட்டில் ஏறியது. வேறு யாராவது என்றால் குப்பையில் போட்டிருப்பார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவந்திராது. அவ ஓட்டைப் பஞ்சில் சுற்றும் சனங்களைப் பார்த்தவ. துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நேரே மேடத்திடம் போய் நின்றா. அதுதான் அவவுக்கு வினையாய் வந்தது.

மேடம் தாள்கள் இருந்த கோப்பைத் திறந்தா. பதினேழாம் தாளில், வந்தபோது குறிப்பிட ஒன்றும் இல்லை என்று என் கையெழுத்து. நான்கு நாள் கழித்து மூலை உடைந்திருக்கிறது. துண்டு கூட்டுகிற பெண்ணின் கையில். வேறு எப்படி யோசிப்பது? எங்கள் முதலாளி, பத்ரோனுக்குத் தொலைபேசி போனது. அவர் கோபப்படக்கூட இல்லை. காப்புறுதி பார்த்துக்கொள்ளும், அந்தப் பெண்ணின் எஸ்ஸே நாளையோடு முடிகிறதுதானே, முடியட்டும் என்றார். அவ்வளவு சுலபமாக எல்லோருக்கும் பிரச்சினை தீர்ந்தது. சுகந்தியைத் தவிர.

அவ என்னிடம் வந்து, சத்தம் போடாமல் கேட்டா:

"அண்ணை, நான் தொடேல்லை. துடைப்பம்கூட மேல போகேல்லை. நீங்கள்தானே திறந்து பாத்தனீங்கள். ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

நான் அவவின் முகத்தைப் பார்க்காமல், பாப்பம் என்றேன். என் வாயிலிருந்து வந்த சொற்களில் இதைவிடக் கேவலமானது ஒன்று இருந்தால் எனக்கு நினைவில் இல்லை.

வெளியே போனேன். தேத்தண்ணிக் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்து மேசையில் இருந்தேன். கொப்பி சட்டைப்பைக்குள் கனத்தது. அதை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்தேன். என் கோடு, என் எழுத்து, திகதி. இந்த ஒரு பக்கம் சுகந்தியைக் காப்பாற்றும். இதே பக்கம், நான் கண்டும் காணவில்லை என்று கையெழுத்துப் போட்டவன் என்பதையும், எழுத்துத் தெரியாமல் புள்ளடி போட்டுச் சேர்ந்தவன் என்பதையும் காட்டும். இரண்டையும் பிரித்து எடுக்க வழி இருக்கிறதா என்று தேத்தண்ணியை ஆறவிட்டு யோசித்தேன். எனக்கும் வீட்டு வாடகை, மகளின் படிப்பு என்று நியாயங்கள் இருந்தன. கொப்பியைக் கிழித்துப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. ஒரு மணி நேரம் அங்கே இருந்தேன்.

என்னை எழுப்பியது நல்ல மனம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில், ஓட்டில் அழுத்தியிருந்த அந்தச் சின்ன விரல்கள் நினைவுக்கு வந்தன. அந்த நகரத்தில் கையெழுத்துப் போட்ட பெரிய ஆட்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். மிஞ்சியது வேலை செய்த விரல். சுகந்தி துண்டை உள்ளங்கையில் ஏந்தி வந்த விதமும் கண்ணுக்குள் நின்றது. எழும்பிப் போனேன்.

மேடத்திடம் போக முன்னம் சுடுதண்ணி அம்மாவிடம் போனேன். கொப்பியை நீட்டினேன். அவ அதை எடுத்துக்கொண்டு ஓட்டின் முன்னால் முழங்காலில் இருந்தா. துண்டைப் பக்கத்தில் வைத்தா. உடைந்த விளிம்பு நான் கொப்பியில் வரைந்த கோட்டிலேயே போயிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டா. சொன்னேன். ஏன் தாளில் எழுதவில்லை என்று கேட்டா. சொல் தெரியவில்லை என்றேன்.

அவ கோபத்தில் இரண்டு நிமிடம் சீனத்தில் ஏதோ சொன்னா. பிறகு பிரெஞ்சில், மெதுவாகச் சொன்னா:

"நீங்கள் சொல்லைத் தேடிக்கொண்டு நின்றீர்கள். ஓடு காத்திருக்கவில்லை. உங்களிடம் சொல் இருந்ததே. இதோ இருக்கிறது."

விரல் என் தமிழ் வரியில் இருந்தது.

நான் அவவிடம் இருந்த கோப்பிலிருந்து தாளைக் கேட்டு வாங்கி, மூன்று எழுத்தையும் அழிக்கப் போனேன். கையைத் தடுத்துவிட்டா. அழிக்கக்கூடாது. எழுதியது பிழை என்றாலும் எழுதப்பட்டது. அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு போடு, கீழே சரியானதை எழுது, இன்றைய திகதியைப் போடு. எந்தப் பாஷையில் என்றேன். நீ கண்ட பாஷையில் என்றா. நான் தமிழில் எழுதினேன். அதற்குக் கீழே அவ சீனத்தில் எழுதினா. மேடத்தைக் கூப்பிட்டு, நான் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, மேடம் பிரெஞ்சில் எழுதினா. மேடம் என்னை ஏசவில்லை. முதலில் சுகந்தியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டா. பிறகுதான் பத்ரோனுக்குத் தொலைபேசி எடுத்தா.

அவர் ஏசினார். வெள்ளிக்கிழமை சுகந்தியின் கொந்த்ரா உறுதியானது. எனக்குக் குழுத் தலைவன் பதவி போனது. வேலையை விட்டு நிறுத்தவில்லை, அது அவரின் தயவு. அடுத்த இரண்டு வருடம் பெட்டி மட்டும் தூக்கினேன், பின்னேரங்களில் சென் தெனியில் பிரெஞ்சு எழுத்து வகுப்புக்குப் போனேன். என் மகள் என் வீட்டுப்பாடத்தைத் திருத்தினாள். கண்டிப்பான ரீச்சர்.

மூன்று மாதம் கழித்துக் கண்காட்சி முடிந்து சாமான்களைத் திரும்பக் கட்டினோம். சுடுதண்ணி அம்மா மீண்டும் வந்தா. போகும்போதும் ஒவ்வொரு தாளையும் வரி வரியாக வாசித்து, பொருளோடு ஒப்பிட வேண்டும். பதினேழாம் தாளில் முதல் வரி தமிழ். எனக்குத் தாள்களைத் தொட அனுமதி இல்லை. மேடம் சுகந்தியைக் கூப்பிட்டு, நீங்கள் வாசிப்பீர்களா என்று கேட்டா. சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாளைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல உரக்க வாசித்தா:

"வலது மூலையில், இரண்டாம் விரல் குழிக்கும் மூன்றாம் விரல் குழிக்கும் நடுவே மயிரிழை வெடிப்பு. வரும்போதே இருந்தது."

கடைசி இரண்டு சொல்லையும் இன்னொரு தரம் வாசித்தா. நான் பெட்டிக்குப் பின்னால் ஆணியைத் தேடுவதுபோல நின்றேன். சுடுதண்ணி அம்மா பென்சிலால் அடையாளம் போட்டா. துண்டைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்று சுகந்தியிடம் தாளைத் தந்தா. சுகந்தி கீழே எழுதினா: 'உடைந்த துண்டு தனியே பையில் உள்ளது. கண்டு எடுத்தவள் நான்.' கையெழுத்துப் போட்டா.

சியன்பெய் பாஷையில் எழுதிய புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று அன்றைக்குத்தான் சுடுதண்ணி அம்மா சொன்னா. சில சொற்கள் மட்டும், அதுவும் சீன எழுத்துக்குள் ஒளிந்து கிடக்கின்றனவாம். அந்த ஓட்டைச் செய்தவர் அதை என்ன பெயரால் கூப்பிட்டார் என்று இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஓடு எங்கே போனாலும் அதன் தாளும் கூடப் போகும். தாதோங்கில் ஏதோ ஒரு மேசை இலாச்சியில், அந்தத் தாளில், எங்கள் இரண்டு பேரின் தமிழும் இருக்கிறது.

பிள்ளைகளே, உங்களில் பாதிப்பேர் இங்கே பிறந்தவர்கள், உங்களுக்குப் பிரெஞ்சுச் சொல்லுக்குத் தட்டுப்பாடு வராது. மற்றப் பாதிப்பேருக்குச் சொல்கிறேன். கண்டதை, கண்ட நேரத்தில், தெரிந்த பாஷையில் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். பதவி திரும்ப வரும், எனக்கும் வந்தது. அந்தத் தேத்தண்ணிக் கடையில் இருந்த நேரம் திரும்ப வராது. அதை நான் இவ்வளவு காலமும் சுகந்திக்குச் சொன்னதில்லை. நான் உடனே போய்ச் சொன்னேன் என்று அவ நினைத்திருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

இதை எழுதி முடித்து, உங்களுக்குத் தர முன்னம் அவவுக்கு அனுப்பினேன். நேற்று மத்தியானம் தொலைபேசி எடுத்தா. சுகம் கேட்டா, முதுகைக் கேட்டா, மகளைக் கேட்டா. பிறகு சொன்னா:

"அண்ணை, நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். ஒரு இடம் பிழை. ஒரு மணித்தியாலம் இல்லை, ஒன்றரை. நான் எதிர்ப்பக்கம் ரயில் பாலத்துக்குக் கீழ நிண்டு கண்ணாடியால உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான். கொப்பியை விரிச்சு வைச்சிருந்தனீங்கள். உள்ள வந்து கேப்பம் எண்டு ரண்டு தரம் ரோட்டைக் கடந்தனான். பிறகு, நீங்களா எழும்பட்டும் எண்டு நிண்டிட்டன்."

நான் எழும்பியிராவிட்டால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

"தெரியாது," என்றா. "அதையும் எழுதுங்கோ."

மேலே 'ஒரு மணி நேரம்' என்று இருப்பதை நான் அழிக்கவில்லை. திருத்தம் கீழே: ஒன்றரை மணி நேரம். வெளியே ஒரு ஆள் நின்றது.